ஆன்டன் பாய்சனும் என் சித்தப்பாவும்

என் சித்தப்பா வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை இரவெல்லாம் படித்த வருடம் எனக்கு ஒன்பது வயது. தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காட்டுப் பக்கம் எங்கள் ஊர். தொழுவத்தை ஒட்டிய அறையில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு, நாற்பது பக்க நோட்டுகளில் எண்களையும் வசனங்களையும் வரிசையாக எழுதிக்கொண்டே இருப்பார். நான் சோற்றுத் தட்டைக் கொண்டுபோய் வைத்த ஒரு நாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏல, குழிச் சாவி யாருகிட்ட இருக்கு, தெரியுமால?" என்று கேட்டார். அவர் கையின் சூடும், நகக்கண்ணில் படிந்திருந்த மையும் இன்னும் நினைவில் இருக்கின்றன. நான் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டேன். அந்த வாரமே எங்கள் சபையின் போதகரை அழைத்துவந்தார்கள். அவர் அறை வாசலில் நின்றபடியே நெடுநேரம் சத்தமாக ஜெபம் செய்து, பிசாசைக் கடிந்துகொண்டு, முற்றத்தில் காப்பி குடித்துவிட்டுப் போனார். சித்தப்பாவிடம் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த நோட்டுகள் பிறகு ஒவ்வொன்றாக வெந்நீர் அடுப்புக்குப் போயின.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து நானும் போதகரானேன். சேகரப் பொறுப்பில், அதாவது சில சபைகள் சேர்ந்த ஒரு வட்டாரத்தின் போதகராக, சில வருடங்கள் இருந்தபின், ஒரு மிஷன் மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்திக்கும் பயிற்சிக்காக என்னை அனுப்பினார்கள். பகலில் வார்டுகளில் நோயாளிகளோடு பேச வேண்டும்; இரவில் அந்தப் பேச்சை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும்; மறுநாள் அதைக் குழுவினர் முன் வாசிக்க வேண்டும். வெர்பேட்டிம் என்று அதற்குப் பெயர். நான் எழுதிய முதல் பதிவில் நோயாளியின் பேச்சு மூன்று வரி, என்னுடைய ஜெபம் பதினெட்டு வரி. எங்கள் பயிற்றுநர் அதை அமைதியாகக் கேட்டு முடித்தபின், "ஜெபத்துக்கு முன்னால் அவர் 'எல்லாம் என்னாலதான்' என்றாரே, எதைப்பற்றிச் சொன்னார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்று மாலைதான் அவர் ஆன்டன் பாய்சன் என்ற பெயரை முதன்முதலாகச் சொன்னார்.

அன்று தொடங்கி இத்தனை ஆண்டுகளாக அந்த மனிதரை விட்டு என்னால் விலக முடியவில்லை. உலகெங்கும் மருத்துவமனைகளில் போதகர்களுக்குத் தரப்படும் பயிற்சியின் தொடக்கத்தை அவரிடமிருந்து கணக்கிடுவார்கள். ஆனால் அவர் ஒரு முறையை உருவாக்கினார் என்பதைவிட, அந்த முறைக்கு அவர் எந்த வாசல் வழியாக வந்து சேர்ந்தார் என்பதே எனக்கு முக்கியமாகப்படுகிறது. அவர் மனநல மருத்துவமனைக்குள் முதலில் நுழைந்தது நோயாளியாக.

ஆன்டன் தியோஃபிலஸ் பாய்சன் 1876ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள புளூமிங்டன் ஊரில் பிறந்தார். தந்தை ஹெர்மன் பாய்சன் ஜெர்மனியிலிருந்து வந்தவர், பல்கலைக்கழகத்தில் மொழிகள் கற்பித்தவர், செடிகொடிகளில் பெரும் நாட்டம் கொண்டவர். தாய்வழிப் பாட்டனார் தியோஃபிலஸ் வைலி அதே இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் பிரஸ்பிட்டேரிய மரபின் போதகராகவும் இருந்தவர். ஆன்டனுக்கு ஏழு வயதானபோது தந்தை இறந்துவிட்டார். அதன்பின் பாட்டனாரின் வீட்டில், படிப்பும் பக்தியும் கண்டிப்பும் நிறைந்த சூழலில் வளர்ந்த அந்தப் பிள்ளை தன் உடலின் இயல்பான உணர்ச்சிகளைக்கூடப் பாவமென்று அஞ்சி, அந்த அச்சத்தை எவரிடமும் சொல்ல முடியாமல் வருடக்கணக்காகச் சுமந்தான். முதுமையில் எழுதிய தன்வரலாற்றில் பாய்சன் இதையெல்லாம் மறைக்காமல் எழுதினார். அவர் ஒரு போதகர் என்பதையும் அந்தத் தலைமுறையையும் நினைத்துப் பார்த்தால், அந்த வெளிப்படைத்தன்மைக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பது புரியும்.

1897இல் பட்டம் பெற்றுச் சில காலம் மொழியாசிரியராக இருந்த அவர், அடுத்துப் படித்தது வனவியல். யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்க வனத்துறையில் பணியாற்றினார். அவரைப்பற்றி எழுதுவோர் இந்தப் பகுதியை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியென்று படவில்லை. கோடரிக் காம்புக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் உதவும் ஹிக்கரி மரவகைகளைப்பற்றி அவரும் நியூலின் என்பவரும் சேர்ந்து எழுதிய அறிக்கையை வனத்துறை 1910இல் வெளியிட்டது. ஒரு மரத்தைப்பற்றிக் கருத்துச் சொல்வதற்கு முன்னால் அது எந்த மண்ணில் நின்றது, அதைச் சுற்றி என்ன வளர்ந்தது, எந்த வருடத்தில் அதன் வளர்ச்சி தடைப்பட்டது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளும் பழக்கம் காட்டில் வேலை செய்பவனுக்குக் கைவந்துவிடும். பிற்காலத்தில் அவர் மனிதர்களின் துயரத்தைக் குறித்துவைத்த விதத்தில் அந்த வனத்துறை ஊழியரை நான் காண்கிறேன்.

அவர் ஊழியத்துக்கு வந்த வழியில் ஒரு பெண் இருக்கிறார். இளம்பெண்கள் கிறிஸ்தவ சங்கத்தின் பணியாளராக 1902இல் இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு வந்த ஆலிஸ் பாச்செல்டரைக் கண்ட நாளிலேயே பாய்சன் அவர்மேல் காதல்கொண்டார். ஆலிஸ் அதை ஏற்கவில்லை. மறுத்தார், மறுபடியும் மறுத்தார், கடிதங்களை நிறுத்தச் சொன்னார். பாய்சனோ தன் வாழ்வின் ஒவ்வொரு முடிவையும் அந்தப் பெண்ணுக்குத் தகுதியானவனாக ஆக வேண்டும் என்ற எண்ணத்தோடு பிணைத்துக்கொண்டார். 1908இல் நியூயார்க்கிலுள்ள யூனியன் இறையியல் கல்லூரியில் சேர்ந்ததற்கும் இந்தக் காதல் ஒரு காரணம். இதை அழகான காதல் கதையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு பெண்ணின்மேல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவர் தன் ஆன்மாவின் பாரத்தை இறக்கிவைத்திருந்தார். அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்திருக்கும் என்பதை நமக்குச் சொல்ல அவர் எழுதிவைத்த நூல் எதுவுமில்லை.

1911இல் இறையியல் படிப்பை முடித்தபின் நாட்டுப்புறச் சபைகளைப்பற்றிய கணக்கெடுப்புகளில் ஈடுபட்டார், கான்சாஸ், மேய்ன் மாநிலங்களில் சிறிய சபைகளில் போதகராக இருந்தார், முதல் உலகப்போரின்போது பிரான்சில் படையினரிடையே ஒய்.எம்.சி.ஏ. பணி செய்தார். எதிலும் அவர் நிலைபெறவில்லை.

1920 அக்டோபரில், நாற்பத்து நான்கு வயதை எட்டும் தறுவாயில், மறுபடியும் ஒரு சபைப் பொறுப்பை ஏற்க எண்ணித் தன் விசுவாச அறிக்கையை எழுத உட்கார்ந்தார். எழுத எழுத அந்தக் காகிதம் அவர் கையை மீறிப்போனது. உலகம் அழிவின் விளிம்பில் நிற்கிறது என்ற எண்ணம் வெள்ளம்போல் பாய்ந்து, அந்த அழிவில் தனக்கு ஒரு பெரும் பங்கு உண்டு என்ற நடுக்கமாக மாறியது. வீட்டார் அஞ்சினார்கள். காவலர்கள் வந்து அவரைப் பாஸ்டனிலிருந்த மனநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள்; அங்கிருந்து வெஸ்ட்பரோ அரசு மனநல மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். அக்காலத்தில் டிமென்ஷியா பிரீகாக்ஸ் என்று அழைக்கப்பட்டு, இன்று மனச்சிதைவு என்று நாம் சொல்லும் நோயின் கடும் வகை என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். அவர் மீளுவார் என்ற நம்பிக்கையை அவர்கள் குடும்பத்தாருக்குத் தரவில்லை.

அவர் மீண்டார். ஒரு நாள் விழித்துக்கொண்டவர்போலத் தெளிந்தார், மீண்டும் மூழ்கினார், மீண்டும் தெளிந்தார். வெளியே வந்தது 1922 ஜனவரியில். ஏறத்தாழ பதினைந்து மாதங்கள். தெளிந்திருந்த மாதங்களில் அவர் செய்த காரியம்தான் அவரை நாம் இன்று நினைக்கக் காரணம். அவர் தன்னைச் சுற்றியிருந்தவர்களைக் கவனிக்கத் தொடங்கினார். வார்டில் இருந்தவர்களில் பலர் பேசியது கடவுளைப்பற்றி, பாவத்தைப்பற்றி, மரணத்தைப்பற்றி, மறுபிறப்பைப்பற்றி. மருத்துவர்களுக்கு அதைக் கேட்க நேரமில்லை, அது நோயின் அறிகுறி என்பதற்கு அப்பால் அவர்களுக்கு அதில் அக்கறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை நடத்த வெளியிலிருந்து வந்த போதகர்களுக்கோ தாங்கள் யாரிடம் பேசுகிறோம் என்பதே தெரியவில்லை. கடவுளைப்பற்றி ஓயாமல் பேசும் ஒரு வார்டில், அந்தப் பேச்சைக் கேட்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பதை உள்ளேயிருந்து பார்த்தவர் அவர்.

இறையியல் கல்லூரித் தோழர் ஃபிரெட் ஈஸ்ட்மனுக்கு அந்த நாட்களில் அவர் எழுதிய கடிதங்களில் ஒரு கருத்து மெல்ல உருவாகிறது. அதை என் சொற்களில் சொல்கிறேன். காய்ச்சல் கண்ட உடல் கொதிக்கிறது. அந்தக் கொதிப்பு, நோயை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டத்தின் அடையாளம். அதுபோல, சில வகை மனக்கலக்கங்கள் தாங்க முடியாத ஓர் உள்முரணைத் தீர்க்க மனம் எடுக்கும் கடைசி முயற்சியாக இருக்கலாம். முயற்சி வெற்றிபெற்றால் அதை மனந்திரும்புதல் என்று சபை சாட்சியாகச் சொல்கிறது. தோற்றுப்போனால் அதைப் பைத்தியம் என்று சொல்லிக் கதவை அடைக்கிறது. கொதிக்கும் இடத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இந்தச் சிந்தனைக்கு அவரைத் தூண்டியவர்கள் உண்டு. ஈஸ்ட்மன் ஃபிராய்டின் நூலை அனுப்பிவைத்தார், பாஸ்டனிலிருந்த இம்மானுவேல் ஆலயத்தின் குரு எல்வுட் வூஸ்டர் அவரோடு பொறுமையாகப் பேசினார். ஆனால் மூலப்பொருள் அவருடைய சொந்த மனம்.

வெளியே வந்தவர் தன் நோயை மறைத்துக்கொண்டு வேறு ஊரில் ஒரு சபையைத் தேடிப் போயிருக்கலாம். அவர் ஹார்வர்டில் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவரின் வகுப்பில் போய் உட்கார்ந்தார். இளம் மருத்துவர்கள் ஒரு நோயாளியின் முழு வரலாற்றையும் ஆராய்ந்தே மருத்துவத்தைக் கற்க வேண்டும் என்பதை நிலைநிறுத்தியவர்களில் கேபட் ஒருவர். மருத்துவர் அப்படிக் கற்கிறார் என்றால் போதகர் ஏன் அப்படிக் கற்கக் கூடாது என்ற கேள்வி பாய்சனுக்குள் முளைத்தது.

1924 ஜூலையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனை அவரைச் சாப்ளினாக, அதாவது மருத்துவமனைப் போதகராக, நியமித்தது. மனநோயாளியாகப் பதினைந்து மாதம் பூட்டிவைக்கப்பட்ட ஒருவர், இரண்டரை வருடத்துக்குள் இன்னொரு மனநல மருத்துவமனையின் பணியாளராக ஆகிறார். அந்த மருத்துவமனையின் தலைவர் வில்லியம் பிரையனை, ஒரு போதகரைப்போய் வேலைக்கு வைத்தீரே என்று சக மருத்துவர்கள் சீண்டியபோது, நோயாளிகளுக்கு உதவும் என்று தெரிந்தால் குதிரை வைத்தியரைக்கூட அழைத்துவருவேன் என்று அவர் சொன்னாராம். அந்த ஒரு மனிதரின் திறந்த மனம் இல்லையென்றால் பாய்சனின் கதை வெஸ்ட்பரோவோடு முடிந்திருக்கும்.

1925ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில் நான்கு இறையியல் மாணவர்கள் வூஸ்டருக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹெலன் ஃபிளாண்டர்ஸ் டன்பர். பிற்காலத்தில் உடலுக்கும் மனத்துக்குமுள்ள தொடர்பை ஆராய்ந்த மருத்துவராகப் புகழ்பெற்றவர். பாய்சன் அவர்களைப் பிரசங்கிக்க அனுப்பவில்லை. வார்டுகளில் உதவியாளர்களாக வேலை செய்ய வைத்தார். நோயாளிகளைக் குளிப்பாட்டவும், உணவு கொடுக்கவும், உலாவ அழைத்துச் செல்லவும், இருக்கிற இடத்தில் கூடவே இருக்கவும் வேண்டும். பகல் முழுவதும் கண்டதையும் கேட்டதையும் எழுத வேண்டும். மாலையில் ஒரு நோயாளியின் வாழ்க்கை வரலாற்றை எடுத்து, அவர் பிறந்த வீடு, பெற்றோர், பள்ளி, வேலை, காதல், கடன், பக்தி, நோய் தொடங்கிய வாரத்தில் நடந்தவை என்று ஒவ்வொன்றாக விவாதிக்க வேண்டும். இறையியல் மாணவன் புத்தகங்களைப் படிப்பதுபோலவே உயிருள்ள மனித ஆவணங்களையும் படிக்க வேண்டும் என்பது பாய்சன் திரும்பத் திரும்பச் சொன்னது.

'உயிருள்ள மனித ஆவணங்கள்' என்ற தொடர் இன்று மேய்ப்புப்பணி வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்பட்டுத் தேய்ந்துவிட்டது. நோயாளியிடம் அன்பாக நடந்துகொள்ளுங்கள் என்பதற்கான இன்னொரு சொல்போல அதைப் பயன்படுத்துகிறார்கள். பாய்சன் சொன்னது அதைவிடக் கடினமானது என்று நான் நினைக்கிறேன். வேதப்பகுதி ஒன்றை நாம் எப்படி அணுகுகிறோம்? இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது, இதற்கு முன்னால் என்ன நடந்தது, இந்தச் சொல்லை எழுதியவர் வேறெங்கே பயன்படுத்தினார் என்று கேட்கிறோம்; புரியாத வரியை அடித்துவிட்டுப் போவதில்லை. கலங்கிய ஒரு மனிதரின் பேச்சுக்கும் அதே மரியாதையைக் கொடு என்பதே அவர் கேட்டது. பாவம், மீட்பு, தண்டனை, இரக்கம் என்று நாம் பிரசங்க பீடத்தில் பேசுகிற சொற்களுக்கு உண்மையில் என்ன பொருள் என்பதை அந்த மனிதரிடமிருந்துதான் கற்க வேண்டும் என்று அவர் நம்பினார். போதகர் அங்கே கொடுப்பவராகப் போகவில்லை, மாணவராகப் போகிறார்.

அவர் செய்த சிறிய வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பாட்டுப்புத்தகம். மருத்துவமனை ஆராதனைகளுக்கென்று தனியாக ஒரு பாடல் தொகுப்பை 1926இல் வெளியிட்டார். பிறகு அதை விரிவாக்கியும் வெளியிட்டார். ஏற்கெனவே அச்சத்தில் இருப்பவரின் அச்சத்தைக் கூட்டும் பாடல்களை விலக்கி, நம்பிக்கையும் துணிவும் தரும் பாடல்களைத் தேர்ந்தெடுத்தார். நரகத்தையும் சத்துருவையும் பாடும் ஒரு வரி, நமக்கு வாய்ப்பாடாக வருகிற ஒரு வரி, இரவெல்லாம் குரல்கள் கேட்கிற ஒருவரின் காதில் எப்படி விழும் என்பது தானே அங்கே படுத்திருந்தவருக்குத்தான் தெரியும். நானும் அதன்பின் மருத்துவமனையில் பாமாலை என்ற எங்கள் பாட்டுப்புத்தகத்தைத் திறக்கும்போது ஒவ்வொரு சரணத்தையும் ஒருமுறை மனத்துக்குள் வாசித்துவிட்டே பாடத் தொடங்குகிறேன்.

1930 ஜனவரியில், இறையியல் மாணவர்களுக்கு மருத்துவமனைப் பயிற்சி அளிப்பதற்கான மன்றம் பாஸ்டனில் பதிவு செய்யப்பட்டது. கேபட், டன்பர், பிலிப் கைல்ஸ் என்ற மாணவர் ஆகியோர் அதன் முன்னணியில் இருந்தார்கள். அதே ஆண்டில் பாய்சனின் தாயார் இறந்தார். நவம்பரில் அவர் மீண்டும் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். விரைவில் குணமானார் என்றாலும் அவருடைய நண்பர்களின் நம்பிக்கை ஆடிப்போனது. மனநோய் என்பது உடலின் வேதியியலில் எழுவது, அதில் ஆன்மிகப் பொருள் தேடுவது வீண் என்பது கேபட்டின் உறுதியான கருத்து. தான் தாங்கிப்பிடித்த மனிதரின் அடிப்படைக் கோட்பாட்டையே அவர் ஏற்கவில்லை. பயிற்சி இயக்கம் இரு கிளைகளாகப் பிரிந்தது. கேபட்டின் பக்கத்தவர்கள் பொது மருத்துவமனைகளை நோக்கிப் போனார்கள். நான் வார்டில் எழுதிய அந்தச் சொல்லுக்குச் சொல் பதிவுமுறையைப் பரப்பியவர், பாஸ்டனில் கேபட்டோடு சேர்ந்து பணியாற்றிய ரசல் டிக்ஸ் என்ற சாப்ளின். பாய்சனுடைய முறை ஒருவரின் முழு வாழ்வையும் ஆராயும் நீண்ட வரலாறு. பயிற்றுநர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுவதால் இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

பாய்சன் 1932இல் இலினாய் மாநிலத்தின் எல்ஜின் அரசு மருத்துவமனைக்குச் சென்றார். சிகாகோ இறையியல் கல்லூரியில் முன்பிருந்தே கற்பித்துவந்த அவருக்கு அது அருகில் இருந்தது. ஆலிஸ் பாச்செல்டரும் சிகாகோவில்தான் இருந்தார். 1935இன் இறுதியில் ஆலிஸ் புற்றுநோயால் இறந்தார். அந்தச் செய்தியின் நிழலில் பாய்சன் இன்னொரு முறை கலங்கிச் சில வாரங்கள் மருத்துவமனையில் இருந்தார். அடுத்த ஆண்டு, 1936இல், அகவுலகை ஆராயும் அவருடைய முக்கிய நூல் வெளிவந்தது. அதை ஆலிஸின் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

மனநல மருத்துவமனையில் நோயாளியாகத் தள்ளப்படுவது பேரிடராகவும் இருக்கலாம், வாய்ப்பாகவும் இருக்கலாம், எனக்கு அது வாய்ப்பானது என்று சொல்லி அந்த நூலைத் தொடங்குகிறார். ஒரு போதகர், ஒரு பேராசிரியர், தன் ஆய்வுநூலின் வாசலிலேயே இப்படி நிற்கிறார். பிறகு வூஸ்டரில் தான் ஆராய்ந்த 173 நோயாளிகளைப்பற்றிப் பேசுகிறார். அவர்களோடு வேதாகமத்தின் எரேமியா, எசேக்கியேல், பவுல், குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ், மோட்சப் பிரயாணம் எழுதிய ஜான் பனியன் ஆகியோரின் அனுபவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். அவர் கண்டது இதுதான்: தன் தோல்வியைப் பொருட்படுத்தாமல் கனவில் ஒதுங்கிக்கொள்கிறவர்களும், குற்றத்தைப் பிறர்மேல் சுமத்தித் தற்காத்துக்கொள்கிறவர்களும் மெல்ல மெல்லத் தேய்ந்துபோகிறார்கள், ஆனால், நான் குற்றவாளி, நான் அழிந்தேன் என்று திகிலோடு கொந்தளிப்பவர்களில் மீண்டுவருகிறவர்கள் கூடுதலாக இருக்கிறார்கள். ஏனென்றால் அவர்கள் இன்னும் போராடுகிறார்கள். அந்தப் போராட்டத்தின் அடியில் இருப்பது, யாருடைய மதிப்பும் அன்பும் இல்லாமல் தன்னால் வாழ முடியாதோ அவர்களிடமிருந்து துண்டிக்கப்பட்டோம் என்ற உணர்வு. குற்றவுணர்வைவிட, அதைச் சொல்ல முடியாமல் தனித்துப்போவதே மனிதரை நொறுக்குகிறது என்பது அவருடைய முடிவு.

இதை நான் முழுதாக ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாய்சன் தன் அனுபவத்தை அளவுகோலாக வைத்துப் பிறரை அளந்தார். அவருடைய நோய் திகிலோடு வந்து தெளிவோடு போனது. எல்லோருக்கும் அப்படி வருவதில்லை. மெல்ல மங்கிப்போகிறவர்களைப்பற்றி அவர் எழுதும்போது அவருடைய குரலில் ஒரு கடுமை தெரிகிறது, அவர்கள் போராட மறுத்தவர்கள் என்பதுபோல. மனச்சிதைவு நோயில் மூளையின் பங்கு பெரிது. அதற்கான மருந்துகள் 1950களில் வந்தபின் கதவடைத்துக் கிடந்த எத்தனையோ பேர் வீடு திரும்பினார்கள். கேபட் அந்த ஒரு விஷயத்தில் பெரும்பாலும் சரியாகவே நினைத்தார். என் சபையில் ஒரு தாய் மகனை அழைத்துக்கொண்டு வந்து நின்றால், மருந்தை நிறுத்திவிட்டு ஜெபம் செய்யுங்கள் என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். ஆனால் மருந்து குரல்களை அடக்கியபின்னும் அந்தக் குரல்கள் எதைப்பற்றிப் பேசின என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அந்தக் கேள்வியை ஒரு மருத்துவரிடம் விட்டுவிட்டு வர எனக்கு உரிமையில்லை என்பதைப் பாய்சனிடம்தான் கற்றேன்.

அவர் தொடங்கிய பயிற்சி பெரிதாக வளர்ந்தது. ஆனால் அது அவர் விரும்பிய திசையில் வளரவில்லை. அடுத்த தலைமுறையினர் உரையாடும் நுட்பத்தில், போதகரின் சொந்த உணர்வுகளைக் கவனிப்பதில், ஆலோசனைத் திறனில் கவனம் செலுத்தினார்கள். அவையெல்லாம் தேவையானவைதாம், நானும் அவற்றால் பயன்பெற்றவன். பாய்சனுக்கோ அது ஒரு திறன் பயிற்சியாக மட்டும் இருக்கவில்லை. பாவம் என்றால் என்ன, மீட்பு எப்படி நிகழ்கிறது என்ற பழைய கேள்விகளுக்கு வார்டில் விடை தேடும் ஆராய்ச்சி அது. மாணவர்கள் தன் கேள்வியை விட்டுவிட்டார்கள் என்ற வருத்தம் அவருடைய பிற்கால எழுத்தில் தெரிகிறது. பழகுவதற்கு எளிய மனிதராகவும் அவர் இருக்கவில்லை. விறைப்பானவர், தன் கருத்தை விட்டுக்கொடுக்காதவர். உயிருள்ள மனிதரிடம் கற்றுக்கொள் என்று சொன்னவருக்கு நெருங்கிய நண்பர்கள் மிகச் சிலரே.

பணி ஓய்வுக்குப் பிறகும் அவர் எல்ஜின் மருத்துவமனை வளாகத்தை விட்டுப் போகவில்லை. 1960இல், தன் எண்பத்து மூன்றாம் வயதில், தன்னையே ஒரு நோயாளியின் வரலாறாக வைத்து எழுதிய தன்வரலாற்றை வெளியிட்டார். வூஸ்டர் மாணவர்களின் முன்னால் பிறரின் வாழ்க்கையை வைத்து எந்தக் கேள்விகளைக் கேட்டாரோ அவற்றையே தன்னிடம் கேட்டுக்கொண்டார். தந்தையின் இறப்பு, சிறுவயது அச்சம், ஆலிஸ், காவலர்கள் வந்த இரவு, பூட்டிய அறை, ஒவ்வொன்றையும் தேதியோடும் கடிதங்களோடும் முன்வைத்தார். 1965 அக்டோபர் 1 அன்று எல்ஜினிலேயே இறந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் வாழ்ந்ததும் கற்பித்ததும் நோயாளிகளின் நடுவில்.

பயிற்சியின் கடைசி வாரத்தில் என் வார்டில் ஒரு முதியவர் இருந்தார். தென்காசிப் பக்கம் தோட்ட வேலை செய்தவர். நான் போனதும் வழக்கம்போல ஜெபம் செய்தேன். அவர் கண்களை மூடாமலே இருந்து, முடிந்ததும், "ஐயா, ஜெபம் முடிஞ்சிட்டுல்லா, இப்ப செத்த இரிங்க" என்று கட்டிலின் ஓரத்தைக் கையால் தடவிக் காட்டினார். உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் பேசினார். அன்று இரவு நான் எழுதிய பதிவில் என் பேச்சு ஆறு வரிகளுக்கு மேல் இல்லை.

பாய்சனின் தன்வரலாற்றை மூன்றாம் முறையாக வாசித்து முடித்த இரவு, சித்தப்பாவின் நினைவு வந்தது. அவர் இறந்து பதினோரு வருடங்கள் ஆகிவிட்டன. நோய் தொடங்கிய வாரத்தில் நடந்தது என்ன என்று பாய்சன் முதலில் கேட்டிருப்பார். எனக்கு எதுவும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. காலையில் அம்மாவுக்குப் போன் செய்தேன். சித்தப்பா அந்த நோட்டுகளை எழுதத் தொடங்கியது எப்போது என்று கேட்டேன்.

"அது இப்ப எதுக்குய்யா?"

"சும்மா தெரிஞ்சுக்கிடத்தான்மா. அதுக்கு முன்னால என்ன நடந்துச்சு?"

அம்மா வெகுநேரம் பேசவில்லை. அடுக்களையில் குக்கர் சத்தம் கேட்டது.

"மேலத் தோட்டத்துல கெணறு வெட்டுனோம்லா, அந்த வருஷம். உங்க சித்தப்பாதான் மேல நின்னு ஆள எறக்குனது. மண்ணு சரியுது, இன்னைக்கு வேண்டாம்னு அந்தப் பய சொன்னானாம். பதினேழு வயசு. ரெண்டு நாளு கழிச்சுத்தான் எடுத்தாவ." பிறகு, "நீ சின்னப்புள்ள, உங்கிட்ட யாரும் சொல்லல" என்றாள்.

வேதாகமத்தை எடுத்து வெளிப்படுத்தின விசேஷம் ஒன்பதாம் அதிகாரத்தின் முதல் வசனத்தைத் திறந்தேன். "அவனுக்குப் பாதாளக்குழியின் திறவுகோல் கொடுக்கப்பட்டது." ஒரு வெள்ளைத்தாளின் மேல்பகுதியில் சித்தப்பாவின் பெயரை எழுதி, அதன் கீழே அம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவள் சொன்னபடியே எழுதிவைத்தேன். அந்தப் பையனின் பெயரை அவளிடம் இன்னும் கேட்கவில்லை. வரும் சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன்.